கிடுகு மறைப்புக்குப் பின்னால் ஓர் ஆராய்ச்சி

முதலில் பெட்டிகள் வந்தன. பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு மடக்கு நாற்காலி வந்தது. நாற்காலிக்குப் பின்னால் ஒரு தொப்பி வந்தது. தொப்பிக்குக் கீழே டொக்டர் கனகசிங்கம் இருந்தார். வவுணதீவுத் துறையில் பாதையை விட்டு இறங்கியதும், வரவேற்க நின்ற ஊர் அதிகாரியான விதானையாருக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல், "உமக்கு என்ன வயது?" என்று கேட்டார். விதானையார் பதறிப்போய்ச் சொன்னார். டொக்டர் அதை எழுதிக்கொண்டு அடுத்த ஆளிடம் போனார். அவரிடமும் அதே கேள்விதான்.

பாதை என்றால் ரோட்டு அல்ல. வாவியைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். இரண்டு தோணிகளைச் சேர்த்து மேலே பலகை அடித்திருக்கும். ஒரு மாட்டு வண்டியும் அதைச் சுற்றி ஆட்களும் ஏறலாம். இரண்டு கரைக்கும் குறுக்கே கட்டிய வடத்தைக் கையால் இழுத்து இழுத்துத்தான் அது நகரும். அந்தக் காலத்தில் அதை இழுத்தவர் வினாயகமூர்த்தி. அறுபதைத் தொட்டுவிட்ட மனிதர். டொக்டரையும் அவருடைய பெட்டிகளையும் மடக்கு நாற்காலியையும் இக்கரைக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் அவர்தான். டொக்டர் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. நாற்காலியை முன்னால் போட்டு, போகிற கரையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

டொக்டரின் தகப்பன் மட்டக்களப்பில் பிறந்தவர்தானாம். கொழும்புக்குப் போய்ப் பெரிய மனிதராகிவிட்டதால் மகனுக்கு மட்டக்களப்பு என்பது ரயில் வந்து நிற்கும் கடைசி இடம், அவ்வளவுதான். அந்த மகன் சீமைக்குப் போய் உடல் வலுவைப் பற்றிப் படித்துவிட்டு வந்திருந்தார். மனிதனின் பலம் எந்த வயதில் ஏறுகிறது, எந்த வயதில் இறங்குகிறது என்று கண்டுபிடிக்கப் போகிறாராம். எங்கள் ஊரில் மாடு வாங்கப் போகிறவன்கூட இதைப் பல்லைப் பார்த்துச் சொல்லிவிடுவான். ஆனால் அதற்குப் பட்டம் கொடுக்கமாட்டார்களே.

பள்ளிக்கூட வளவில் ஆராய்ச்சி தொடங்கியது. ஆண்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்: இளந்தாரிகள், நடு வயதுக்காரர், முதியவர். முதல் வேலையாகப் பிள்ளைகள் உட்காரும் ஒரு வாங்கில் ஏறி இறங்கச் சொன்னார். ஏறவேண்டும், இறங்கவேண்டும், திரும்ப ஏறவேண்டும். எங்கே போவதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. விடியலிலிருந்து வயல் வட்டையில் பன்றி வேலி கட்டிவிட்டு வந்தவர்கள் வாங்கில் ஏறி இறங்கி மூச்சு வாங்கினார்கள். டொக்டர் அவர்களின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"நீங்கள் ஒருவரும் தேகப்பயிற்சி செய்வதில்லையா?"

"அது என்ன ஐயா?" என்று கேட்டான் வல்லிபுரம். இளந்தாரிப் பிரிவில் நல்ல உயரமான பொடியன்.

"காலையில் எழுந்து கையையும் காலையும் நீட்டி மடக்குவது."

"அதுதான் வேலி கட்டினமே ஐயா."

"அது பயிற்சி அல்ல, வேலை" என்றார் டொக்டர். வேலை செய்தால் உடம்பு தேயும், வேலை இல்லாமல் அதே அசைவைச் செய்தால் உடம்பு வளரும் என்று விளக்கமும் கொடுத்தார். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு கையில் தண்ணீர்க் குடமும் தலையில் விறகுக் கட்டுமாக ஒருத்தி வளவைத் தாண்டிப் போனாள். வினாயகமூர்த்தியின் மனைவி கண்ணகை. அவளையும் அளப்பீர்களா என்று யாரோ கேட்டதற்கு, பெண்களுக்குக் கடும் உழைப்புப் பழக்கமில்லை, அது வேறு ஆராய்ச்சி என்றார் அந்த அறிவாளி.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற கூத்தாகவே இருந்திருக்கும். ஆனால் டொக்டரை மாவட்டத்தை ஆளுகிற கச்சேரிக்காரர் சும்மா அனுப்பியிருக்கவில்லை. அரசாங்கக் கூலிகளை எந்த வயதுவரை வேலையில் வைத்திருக்கலாம் என்று அவரிடம் கேட்டிருந்தார்கள். முதியவர் பிரிவு தேறினால் பழைய ஆட்கள் இருப்பார்கள். தேறாவிட்டால் ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்களை நிறுத்திவிட்டு இளம் ஆட்களைப் போடுவார்கள். விதானையார் துறைக்கு வந்து இதை வினாயகமூர்த்தியிடம் நேரிலேயே சொன்னார். எங்கள் ஊர் முதியவர்களில் அரசாங்க வேலையில் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

பாதை போனால் அவருக்கு வேலை மட்டும் போகாது. எங்கள் வழக்கப்படி அக்கரையில் அவரும் கண்ணகையும் முன்பு இருந்த வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, துறையடியில் பாதைக்காரருக்கென்று அரசாங்கம் கட்டிய குடிலில் இருந்தார்கள். பாதை போனால் குடிலும் போகும். பிறகு அக்கரையில் மகள் வீட்டு ஒத்தாப்புச் சாய்ப்பில் ஒதுங்கி, மருமகனின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சோறு தின்னவேண்டும். அந்த மருமகன் கொடுக்கிற சோற்றைவிட அதற்கு முன்னால் விடுகிற பெருமூச்சு பெரியது.

ஆகவே, கடைசிச் சோதனையில் முதியவர் வெல்லவேண்டும். கடைசிச் சோதனை வடம் இழுப்பது. இளந்தாரிகள் தெற்கு முனை, முதியவர்கள் வடக்கு முனை. நடுவில் ஒரு சிவப்புத் துணி. துணி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பிரிவு வென்றது.

அதைக் கேட்டதும் துறையடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த ஆதம்பாவா தலையில் கையை வைத்தார். ஏறாவூர் முஸ்லிம், வினாயகமூர்த்தியின் வயதுதான், அவருக்குக் கூட்டாளி.

"மச்சான், உங்கட ஆக்களுக்கிட்ட வடத்தக் குடுக்கப் போறாரா? சேரி இரிக்கிற ஊருல?"

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. சேரி என்றால் இங்கே கோயில் கட்சி; எங்கள் ஊர் இந்துக்கள் பிறக்கும்போதே வடசேரி, இல்லையென்றால் தென்சேரி. கண்ணகி அம்மன் கோயிலில் கொம்பு முறிக்கும் காலம் வந்தால், ஒன்றோடொன்று கொளுவிய இரண்டு வளைந்த கொம்புகளில் வடத்தைக் கட்டி இரண்டு சேரியும் எதிரெதிராக இழுக்கும். எந்தச் சேரியின் கொம்பு முறிகிறதோ அந்தச் சேரி தோற்றது. தோற்றவர்களை வென்றவர்கள் பாட்டாலேயே தோலுரிப்பார்கள். மழை பெய்வதும் அம்மை நோய் விலகுவதும் இந்த இழுப்பில்தான் இருக்கிறது என்று எல்லாரும் நம்பினார்கள். மற்ற நாட்களில் இரண்டு சேரியும் ஒன்றாகத்தான் வயல் வெட்டும், ஒன்றாகத்தான் கள்ளுக் குடிக்கும். ஆனால் கையில் ஒரு வடம் வந்துவிட்டால் தன் சேரிக்கு எதிராக இழுக்க எவனுக்கும் கை வராது.

ஆதம்பாவா நல்ல மனிதர். பள்ளிக்கூடத்துக்கே போய் டொக்டரிடம் சொல்லிப் பார்த்தார்.

"ஐயா, இவங்க வயசு பாத்து இழுக்கமாட்டாங்க. சேரி பாத்துத்தான் இழுப்பாங்க."

"உமக்கு என்ன வயது?" என்று கேட்டார் டொக்டர்.

ஆதம்பாவா திரும்பி வந்து தேத்தண்ணி ஆற்றினார். வேறு என்ன செய்வது?

கண்ணகை மத்தியானச் சோற்றைப் போட்டுக்கொண்டே புருசனிடம் விசயத்தைத் தொடங்கினாள்.

"இஞ்ச பாருங்க. நாளைக்கு வடக்கு முனையில நிண்டா அங்கயே நிண்டு இழுங்க. அங்கால இங்கால கிறுகப்படாது."

"வடக்கு முனையில வடசேரியான் வந்து நிப்பான். நான் தென்சேரி."

"இது கோயில் கொம்பா? வெள்ளக்காரன்ட விளையாட்டு."

"வடம் வடம்தான் புள்ள."

"இந்தக் குடில் போனா எங்க போறது? மருமகன்ட மூஞ்சியப் பாத்திட்டுக் கிடக்க என்னால ஒண்ணா."

வினாயகமூர்த்தி சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். "நீ பிறந்தது வடசேரியில. நீ அப்பிடித்தான் சொல்லுவாய்."

கண்ணகைக்கு வந்த ஆத்திரத்தில் கறிச் சட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவருக்கு மூத்த பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளைக்கும் பிள்ளை பிறந்த பிறகு, இவள் சொல்வது சேரிக்காகச் சொல்வதாம். மூளை எங்கே இருக்கிறது என்று டொக்டர் அளந்து பார்த்திருக்கலாம். எங்கள் ஊர் ஆம்பிளைகளுக்கு அது எந்த வயதிலும் தேறாது என்று அப்போதே முடிவு எழுதியிருக்கலாம்.

மறுநாள் டொக்டர் இன்னொரு புதுமை செய்தார். வளவின் நடுவில் தென்னோலைக் கிடுகால் ஒரு மறைப்புக் கட்டச் சொன்னார். மறைப்புக்கு உள்ளே தன் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எதிரே, வடத்தில் கட்டிய சிவப்புத் துணி மட்டும் தெரிகிற அளவுக்கு ஒரு சதுர ஓட்டை. இழுக்கிறவர்களின் முகத்தைப் பார்த்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். ஆகவே ஆராய்கிறவன் ஆளைப் பார்க்கவே கூடாதாம். ஆளைப் பார்க்காமல் ஆளை அளப்பதற்குக் கப்பலேறிப் போய்ப் படித்திருக்கிறார். வீட்டிலேயே கண்ணை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கப்பல் கூலியாவது மிஞ்சியிருக்கும்.

அவர் உள்ளே போகுமுன் ஆட்களை ஒழுங்காகத்தான் நிறுத்திவிட்டுப் போனார். தெற்கே இளந்தாரிகள், வடக்கே முதியவர்கள். நடு வயதுக்காரர் வேடிக்கை பார்த்தார்கள். டொக்டர் கிடுகுக்குப் பின்னால் மறைந்ததும் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏமாற்றவேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. தலை எண்ணுவதற்காக ஐயா வயதுப்படி நிறுத்தினார், எண்ணி முடிந்துவிட்டது, இனி இழுக்கிற மாதிரி இழுப்போம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். தென்சேரிக்காரர் கிழடும் பொடியனுமாகத் தெற்கு முனைக்குப் போனார்கள். வடசேரிக்காரர் வடக்கு முனைக்கு வந்தார்கள். குறுக்கே போகும்போது தோள் உரசியவர்கள் சிரித்துக்கொண்டார்கள்.

வினாயகமூர்த்தி மட்டும் வடக்கு முனையில் அசையாமல் நின்றார். வேலிக்கு வெளியே நின்ற கண்ணகை அவரையே பார்த்தாள். அவர் கண்ணில் அந்தக் குடில் தெரிந்திருக்கும், மருமகனின் பெருமூச்சும் கேட்டிருக்கும். ஒரு தரம் குனிந்து வடத்தைத் தொட்டும் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் வந்து வடத்தைப் பிடித்த வல்லிபுரம், "என்ன மாமா, வடசேரிக்கு மாறிட்டீங்களா?" என்று கேட்டான். சும்மா பகிடிக்குத்தான் கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு போதுமாக இருந்தது. வினாயகமூர்த்தி வடத்தை விட்டுவிட்டு விறுவிறென்று தெற்கே நடந்தார். அங்கே முதல் கையாக அவருக்கு இடம் விட்டார்கள். கண்ணகை தலையில் அடித்துக்கொண்டாள்.

டொக்டர் உள்ளே இருந்து விசில் ஊதினார். நாளெல்லாம் வடம் இழுக்கிற கை அது. வினாயகமூர்த்தி குதிகாலை மண்ணில் புதைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, அவசரப்படாமல் பிடி மாற்றிப் பிடி மாற்றி இழுத்தார். அவர் இழுக்கிற தாளத்துக்கு அவருக்குப் பின்னால் நின்ற பொடியன்களும் இழுத்தார்கள். வல்லிபுரம் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சுமுட்ட நின்றான். கொஞ்ச நேரம் துணி அசையவில்லை. பிறகு மெல்ல மெல்லத் தெற்கே போய், கடைசியில் வடசேரி முழுவதும் மண்ணில் விழுந்தது.

தென்சேரிக்காரர் வினாயகமூர்த்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி ஆடினார்கள். பாட்டு என்ன, சங்கு என்ன, பெரிய வெற்றிதான். கிடுகுக்குப் பின்னால் டொக்டர், துணி தெற்கே போனதைப் பார்த்து, இளந்தாரிகள் வென்றார்கள், முதியவர்கள் இழுவைக்கு உதவார்கள் என்று எழுதி முடித்துக் கையெழுத்தும் வைத்தார்.

ஒரு மதகு உடைந்தால் மூன்று மாரி பார்த்துக்கொண்டிருக்கிற கச்சேரி, ஓர் ஏழையை வேலையிலிருந்து தூக்குவதென்றால் குதிரையில் வரும். அடுத்த கிழமையே விதானையார் வந்து சொல்லிவிட்டார். வினாயகமூர்த்தி நிறுத்தம். பாதைக்குப் புது ஆள் வல்லிபுரம். தோற்றுப்போய் மண் தின்றவன் வென்றவனாம், வென்றவர் உதவாதவராம். தென்சேரிக்காரர் கேள்விப்பட்டு, "சே, அநியாயம்" என்று உச்சுக் கொட்டினார்கள். தோளில் தூக்கி ஆடியவர்களில் ஒருவன்கூடக் கச்சேரிக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த நாளே வல்லிபுரத்தின் பாதையில் ஏறி, அக்கரைச் சந்தைக்குப் போய் மரக்கறி விற்றார்கள். எனக்கு டொக்டரைவிட இவர்களில்தான் அதிகம் எரிச்சல்.

வல்லிபுரத்தைக் குறை சொல்லமுடியாது. "நான் கேக்கல்ல மாமா, அவங்களாத் தந்தது" என்று வந்து நின்றான். "தந்தா எடுடா மனெ" என்றார் வினாயகமூர்த்தி.

குடிலைக் காலிபண்ணுகிற நாள் வந்தது. டொக்டரும் மற்ற ஊர்களை அளந்து முடித்துவிட்டு ரயிலைப் பிடிக்கத் திரும்பிய நாளும் அதுவே. ஒரே பாதையில் முன்னால் டொக்டரின் பெட்டிகள், பின்னால் கண்ணகையின் பானை சட்டியும் பாயும் கட்டிப்போட்ட கோழிகளும். நகரத்துக்குச் சீனி வாங்கப் போக ஆதம்பாவாவும் ஏறியிருந்தார். டொக்டர் வழக்கம்போல நாற்காலியை முன்னால் போட்டு அக்கரையைப் பார்த்து உட்கார்ந்தார்.

மாரித் தண்ணீர் நிறைந்து, வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்து மணலை வெட்டிவிட்டிருந்த நேரம். வாவித் தண்ணீர் எல்லாம் கடலுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. துறையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதுமே வல்லிபுரத்தின் பிடி நழுவத் தொடங்கியது. பாதை பக்கவாட்டில் சரிந்தது. பொடியன் திரும்பி, "மாமா, ஒரு கை" என்று மெல்லக் கேட்டான். வினாயகமூர்த்தி தன் பாய்க்கட்டை வைத்துவிட்டு எழுந்து அவனுக்குப் பின்னால் போய் வடத்தைப் பிடித்தார். பாதை நிமிர்ந்து நேரே ஓடியது.

டொக்டருக்குச் சந்தோசம். "பார்த்தீரா? இதுதான் இளமையின் பலம். முன்பு வந்தபோது இவ்வளவு சீராகப் போகவில்லை" என்று பக்கத்தில் நின்ற ஆதம்பாவாவிடம் சொன்னார்.

"ஐயா, கொஞ்சம் கிறுகிப் பாருங்க" என்றார் ஆதம்பாவா.

டொக்டர் திரும்பவில்லை. கண்ணகைக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. கோழிகளைத் தாண்டி நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஐயா, அண்டைக்கு என்ட மனிசன் நிண்டது உங்கட இளந்தாரிப் பக்கத்தில. முதல் கை அவர்தான். வெண்டது அவர். அவரத்தான் ஏலாதவர் எண்டு எழுதிப்போட்டீங்க."

"ஒருவர் இடம் மாறி நின்றிருக்கலாம் அம்மா."

"எல்லாரும்தான் ஐயா மாறின" என்றார் ஆதம்பாவா. "நான் வந்து சொன்னன்தானே."

டொக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அறிக்கை கொழும்புக்குப் போய்விட்டது. இப்போது அதைக் கிளறமுடியாது. இது பொதுவான ஆராய்ச்சி. நூற்றுக்கணக்கான ஆட்களை அளந்திருக்கிறேன். ஒரு மனிதன் எங்கே நின்றான் என்பதால் ஒன்றும் மாறாது."

இதை அவர் அக்கரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். பொய் சொல்கிறவனுக்குக்கூட முகத்தைப் பார்க்கக் கொஞ்சம் கூச்சம் இருக்கும். இவருக்கு அது படிப்பாகவே அமைந்துவிட்டது.

வினாயகமூர்த்தியின் காதில் எல்லாம் விழுந்தது. பாதை நடு வாவிக்கு வந்திருந்தது.

"கேட்டியா மனெ" என்றார் வல்லிபுரத்திடம். "ஒரு மனிசனால ஒண்டும் மாறாதாம்."

வடத்திலிருந்து இரண்டு கையையும் எடுத்தார். உள்ளங்கையை வேட்டியில் துடைத்தார். போய்த் தன் பாய்க்கட்டின்மேல் காலை நீட்டி உட்கார்ந்தார்.

பாதை நின்றது. ஒரு நிமிடம் வல்லிபுரம் அதைப் பிடித்து வைத்திருந்தான். அதன்பிறகு அவன் கால் வழுக்கியது. வடம் வில்லாக வளைந்தது. பாதை முகத்துவாரப் பக்கமாக ஒதுங்கி, இழுபட்டு, ஆடிக்கொண்டு நின்றது. பெட்டி ஒன்று சரிந்து டொக்டரின் காலில் இடித்தது. தூரத்தில் ஸ்டேசனில் ரயில் கூவியது.

"ஏன் நின்றது? ஏய், என் ரயில்! ஏன் நின்றது?"

அப்போதுதான் டொக்டர் கனகசிங்கம் முதன்முறையாகத் திரும்பினார். குனிந்து நின்று மூச்சு வாங்குகிற வல்லிபுரத்தைப் பார்த்தார். அவன் கையால் பின்னால் காட்டினான். காட்டிய இடத்தில், உதவாதவர் என்று எழுதப்பட்ட மனிதர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் போய்க் கேட்கவேண்டும். என்னவென்று கேட்பது?

கண்ணகை புருசனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கல்யாணம் கட்டின நாளிலிருந்து வடசேரிக்காரியாகவே இருந்தவள், அன்றைக்குத்தான் முழு மனதோடு தென்சேரிப் பக்கம் இருந்தாள். சும்மா கிடந்த வடத்தை டொக்டருக்குக் காட்டினாள்.

"வாங்க ஐயா, நீங்களும் ஒரு கை புடிங்க. உங்களுக்கு என்ன வயசு?"